பிள்ளைக்கு மாத்திரை, அப்பாவுக்குப் பூண்டு

திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை கிடைக்கிறது. பிப்ரவரியில் ஒரு தடவை, ஆகஸ்டில் இன்னொரு தடவை. ஆசிரியர் கண்ணெதிரிலேயே மென்று விழுங்க வேண்டும். 1 வயது முதல் 19 வயது வரை எல்லாருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுக்கும், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் தவிர்த்து, கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் நின்றாலும், சூளையில் கல் அறுத்தாலும், ஆரணியாற்றங்கரை வயலில் அண்டை வெட்டினாலும், அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வயிறு பொருமி, சாப்பாடு செல்லாமல், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்போது அவருக்குக் கைகொடுப்பது அடுப்படியில் கிடக்கும் பூண்டு. வெறும் வயிற்றில் இரண்டு பல் கடித்துத் தின்றுவிட்டு, பூச்சியெல்லாம் விழுந்துவிடும் என்று நம்பிக்கொண்டு அவர் அடுத்த ஷிப்டுக்குப் போகிறார்.

அந்த நம்பிக்கையை எள்ளி நகையாடுவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, அதை அப்படியே விட்டுவிடுவது. பூண்டில் சரக்கு இருக்கிறது. ஆனால் அது மாத்திரைக்குத் துணையாக நிற்கக்கூடியதே தவிர, மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் தனியாக நிற்கக்கூடியதல்ல. உழைக்கிற மனிதனுக்கு மாத்திரையை எட்டாமல் வைத்துவிட்டு, பூண்டு போதும் என்று அவரே முடிவுகட்டும்படி செய்திருப்பதுதான் இங்கே பேச வேண்டிய குறை.

முதலில் பூண்டின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடலாம். முழுப் பூண்டுப் பல்லுக்கு அவ்வளவாக வாசனை இல்லை. அதைத் தட்டினால்தான் நெடி எழுகிறது. பல்லுக்குள் அல்லீன் என்ற கந்தகப் பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது தடுப்பு உடைந்து இரண்டும் கலக்க, சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. நெடிக்கும் காரத்துக்கும் கிருமியைக் கொல்லும் தன்மைக்கும் காரணம் இதுவே. 1944-இல் அமெரிக்காவில் செஸ்டர் கவாலிட்டோவும் ஜான் பெய்லியும் இதைப் பிரித்தெடுத்தார்கள். கிருமிகள் உயிர்வாழத் தேவையான பல நொதிகளில் கந்தகப் பிடிகள் உண்டு. அல்லிசின் அந்தப் பிடிகளில் போய் ஒட்டிக்கொண்டு நொதியை முடக்கிவிடுகிறது. 1987-இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் ஆய்வு நிலையத்தில் டேவிட் மிரெல்மன் குழுவினர், சீதபேதியை உண்டாக்கும் அமீபாவைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்துப் பூண்டுச்சாற்றை விட்டுப் பார்த்தபோது அதன் வளர்ச்சி நின்றது. 1991-இல் எகிப்தில், குட்டை நாடாப்புழுவும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இருந்த குழந்தைகள் சிலருக்குப் பூண்டுச்சாறு கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்ததாக எழுதினார்கள்.

இந்தியாவுக்கோ இது புதிய செய்தியே அல்ல. 1890-இல் நடு ஆசியாவின் குச்சா பகுதியில் கிடைத்த பவர் சுவடி ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பழமையானது. அதன் மருத்துவப் பகுதி தொடங்குவதே பூண்டின் பெருமையைச் சொல்லித்தான். காசியப சம்ஹிதையில் பூண்டுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. தமிழ் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக்குழம்பு, சளிக்குப் பூண்டுப்பால், செரிக்காவிட்டால் பூண்டு ரசம் என்று அது ஒரு வைத்தியமாகவே புழங்குகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதன் காரத்தோடு மருத்துவ குணத்தையும் சேர்த்தே ஊர் கொண்டாடியது.

இவ்வளவு நியாயம் இருந்தும் பூண்டு ஏன் தனியாகப் போதாது? விடை அல்லிசினின் இயல்பிலேயே இருக்கிறது. அது நிலையில்லாத பொருள். சூடு பட்டால் நொதி செத்துவிடுகிறது. கொதிக்கும் ரசத்தில் முழுப்பல்லைப் போட்டால் அல்லிசின் உருவாகவே வாய்ப்பில்லை. தட்டிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு சமைத்தால் பூண்டின் நற்பொருள்கள் ஓரளவு தங்குகின்றன என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பச்சையாக விழுங்கினாலும் வயிற்றின் அமிலம் அந்த நொதியை முடக்குகிறது. பச்சைப் பூண்டை நிறையத் தின்றவரின் ரத்தத்தில் தேடினாலும் அல்லிசின் அகப்படுவதில்லை. அதற்குள் அது வேறு பொருள்களாக உடைந்துபோகிறது. கண்ணாடிக் குழாயில் அமீபாவுக்குக் கிடைத்த அளவு அல்லிசின், மனிதக் குடலின் கடைசிவரை போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. குடலைத் தாண்டி ஈரலுக்குள் போய்ச் சீழ்க்கட்டி வைத்துவிட்ட அமீபாவைப் பூண்டு எட்டவே எட்டாது. காய்ச்சலும் வலப்பக்க விலாவடியில் வலியுமாக இருக்கும் ஒருவர் பூண்டை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

புழுக்களைப் பொறுத்தவரை சான்று இன்னும் மெலிவு. கொக்கிப்புழுவையோ உருளைப்புழுவையோ பூண்டு மனிதரின் குடலிலிருந்து ஒழித்துவிட்டது என்று, அதைச் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நிறுவிய பெரிய ஆய்வு கிடையாது. ஆடுகளிடம் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆடுகளுக்கும் செம்மறிக் குட்டிகளுக்கும் பூண்டையும் பப்பாளி விதையையும் கொடுத்துச் சாணத்தில் முட்டைகளை எண்ணினார்கள். எண்ணிக்கை குறையவில்லை. அதே பப்பாளி விதை நைஜீரியக் குழந்தைகளிடம் வேறு கதை சொன்னது. 2007-இல் 60 குழந்தைகளில் பாதிப்பேருக்குத் தேனில் குழைத்த பப்பாளி விதையும் மீதிப்பேருக்கு வெறும் தேனும் கொடுத்தார்கள். விதை சாப்பிட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் மலத்தில் ஒட்டுண்ணி மறைந்தது. தேன் மட்டும் சாப்பிட்டவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் செய்த விதம் சரி. பூண்டுக்கு அந்த அளவு அக்கறைகூட யாரும் காட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை செய்யும் பீகார்த் தோழர்கள் தமிழர்களைவிட அதிகமாகப் பச்சைப் பூண்டு தின்கிறவர்கள். அவர்களுடைய லிட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சோக்காவில் பச்சைப் பூண்டும் பச்சை மிளகாயும் நசுங்கிக் கிடக்கும். அந்தப் பீகாரில் 2011-இல் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பேருக்குக் குடற்புழு இருந்தது. சாப்பாட்டுப் பழக்கத்தை வைத்து மருத்துவ முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் பூண்டு புழங்கும் வீட்டில் பூச்சி அண்டாது என்று ஊரில் அடித்துச் சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இயற்கை மருந்தும் பூச்சி மாத்திரையும் எதிரெதிர்க் கட்சி என்று நினைப்பதற்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை. 1880-இல் சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு சுரங்கத்தைக் குடைந்த இத்தாலியத் தொழிலாளர்கள் வெளிறிச் சோர்ந்து விழுந்தார்கள். எடோர்டோ பெரோன்சிட்டோ என்ற அறிஞர் அவர்களின் சோகைக்குக் காரணம் கொக்கிப்புழு என்று கண்டுசொன்னார். ஏறத்தாழ அதே காலத்தில் கமிலோ போட்சோலோ அதற்கு தைமால் கொடுத்துப் பார்த்தார். தைமால் என்றால் ஏதோ அயல்நாட்டு ரசாயனம் என்று எண்ண வேண்டாம். தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்கு வயிறு வலித்தால் கொடுக்கும் ஓமத்தின் சாரம்தான் அது. இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், தைமாலாக வடிந்து, உலகெங்கும் கொக்கிப்புழு மருந்தாகப் போயிற்று. முதல் உலகப்போர்க் காலத்தில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கினார்கள். அங்கே லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் புழு இருந்தது. அந்தக் காலத்தில் கொக்கிப்புழுவுக்குக் கையில் இருந்த முக்கிய மருந்துகள் தைமாலும், இன்னொரு செடியிலிருந்து எடுத்த கீனோபோடியம் எண்ணெயும்தான். இரண்டும் புழுவைக் கொன்றன. இரண்டும் அளவு மிஞ்சினால் மனிதரையும் கொல்லக்கூடியவை. தைமால் சாப்பிட்ட அன்று எண்ணெயும் சாராயமும் தொடக்கூடாது என்று கண்டிப்பு இருந்தது. இன்னும் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அவை பின்னுக்குப் போயின. செடியிலிருந்து வந்தது என்பதால் அவற்றை யாரும் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. எண்ணிப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், கொடுத்தார்கள்.

தூ யூயூவின் கதை இதைவிட நெருக்கமானது. 1970-களின் தொடக்கத்தில் சீனாவில் மலேரியாவுக்கு மூலிகை தேடிய அவர், ஒரு செடியைக் கொதிக்க வைத்துச் சாறு எடுத்தபோதெல்லாம் தோற்றார். பழைய வைத்திய நூல் ஒன்றில் அதை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்து, சூட்டைக் குறைத்து எடுத்த பிறகே ஆர்ட்டெமிசினின் பிடிபட்டது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பூண்டும் சூட்டுக்கு அஞ்சும் சரக்குத்தான். அதற்கும் இப்படிப் பொறுமையாக ஆராயும் ஆள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகள் அந்த வேலையைச் செய்யாது.

இப்போது கொக்கிப்புழுவிடம் வரலாம். கவரைப்பேட்டை வட்டாரத்து உழைப்பாளியின் ரத்தத்தைக் குடிக்கக்கூடிய எதிரி அதுதான். உருளைப்புழு வாய்வழியாக வருகிறது. கொக்கிப்புழு காலின் வழியாக வருகிறது. வெட்டவெளியில் மலம் கழித்த ஈரமான நிழல் மண்ணில் அதன் முட்டைகள் பொரிந்து, குஞ்சுப்புழு வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லோஸ் என்ற அறிஞர் தற்செயலாகக் கையில் சிந்திக்கொண்ட குஞ்சுப்புழுக்கள் தோலைத் துளைத்து உள்ளே போனதிலிருந்துதான் உலகத்துக்கு இது தெரிய வந்தது. தோலைத் துளைத்த புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் இறங்கிக் குடல் சுவரைக் கவ்விக்கொள்கிறது. தென்னிந்தியாவில் மிகுதியாக உள்ள வகை, ஒரு புழுவுக்கு நாளொன்றுக்கு 0.03 மில்லி லிட்டர் ரத்தத்தை வீணாக்குகிறது. இன்னொரு வகை அதைப்போல் ஐந்து மடங்கு. துளிக்கணக்குதான். ஆனால் நூறு புழு, பல மாதம், கீரையும் கறியும் அரிதாகிய தட்டு என்று சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எல்லாம் புழுவால் அல்ல. புழுவும் அதில் ஒரு பங்கு கேட்கிறது.

உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பெரும்பாலும் சிறுபிள்ளைகளின் தொல்லை. கொக்கிப்புழுவோ வயது ஏற ஏற அதிகமாகிறது. வயலிலும் சூளையிலும் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் பெரியவர்கள்தானே. ஆகவே பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்கும் திட்டம், கொக்கிப்புழுவின் பெரிய கிடங்கைத் தொடாமலே விட்டுவிடுகிறது. பிள்ளையைவிட்டுப் போன புழு அப்பாவிடமிருந்து மண்வழியாகத் திரும்பி வருகிறது. இதைச் சோதிக்கத்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஊர் முழுவதற்கும், பெரியவர்களையும் சேர்த்து, ஆண்டுக்கு இரு முறை மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளோடு சேர்ந்து நடந்த பன்னாட்டு ஆய்வு அது. அங்கே முதன்மையாக இருந்ததும் கொக்கிப்புழுவே.

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் ஒட்டி ஓடும் இந்த வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாக ஆரம்பாக்கம்வரை ஆலைகள். சத்தியவேடு சாலையில் திரும்பினால் வயலும் தோப்பும். தேர்வாய் கண்டிகைச் சிப்காட்டில் டயர் ஆலை. ஒரே அறையில் ஷிப்டு மாற்றித் தூங்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள். வரிசையாக இருக்கும் வாடகை அறைகளுக்கு நடுவில் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் ஒன்றிரண்டு கழிப்பறைகள். மாவட்டத்தின் உள்ளே தள்ளிப் போனால் செங்கல் சூளைகள். அங்கே குழைத்த மண்ணில் குடும்பம் குடும்பமாக வெறுங்காலோடு நிற்கிறார்கள். ஏரிக்கரையிலும் தோப்பு ஓரத்திலும் இருளர் குடியிருப்புகள். உலக சுகாதார நிறுவனம் பூச்சி மாத்திரை தர வேண்டியவர்களில், தேயிலை பறிப்போர், சுரங்கத் தொழிலாளர் போன்ற ஆபத்து மிகுந்த தொழில் செய்யும் பெரியவர்களையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. சூளையில் கல் அறுப்பவர் அந்தப் பட்டியலுக்குப் பொருந்தாமல் வேறு யார் பொருந்துவார்?

அவருக்கு மாத்திரை இல்லை. அதனால் பூண்டு. பூண்டோடு நின்றாலும் பரவாயில்லை. அது கேட்காவிட்டால் அடுத்த கட்டமாகக் கையில் எடுப்பவை சில நேரங்களில் மெய்யாகவே ஆபத்தானவை.

கிராமங்களில் பூச்சிக்குக் கேட்ட மருந்து என்று பெயர் எடுத்தது ஆடுதின்னாப்பாளை. ஆடுகூடத் தொடாத கசப்பு. அந்தச் செடிக் குடும்பத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானபோது, அதன் காரணம் அதே குடும்பத்துச் செடி என்று தெரிந்தது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் அது உண்டாக்கும். குப்பைமேனியும் பூச்சிக்குப் பெயர் போனது. ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்கள் குப்பைமேனிக் கஞ்சி குடித்து, ரத்த அணுக்கள் சிதைந்து மருத்துவமனைக்கு வந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996-இல் பதிவு செய்தார்கள். அந்தக் குறைபாடு தனக்கு உண்டா என்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

பூண்டும் குற்றமற்ற பிள்ளை அல்ல. நசுக்கிய பூண்டைத் தோலில் வைத்துக் கட்டியதால் குழந்தைகளுக்குத் தீப்பட்டது போலக் கொப்புளம் வந்த செய்திகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. கீரிப்பூச்சி அரிப்புக்கு ஆசனவாயில் பூண்டு தடவச் சொல்லும் கைவைத்தியத்தை அறவே விட்டுவிட வேண்டும். மருந்தளவில் பூண்டு தின்றால் ரத்தம் உறையும் நேரம் நீளலாம். இதயநோய்க்கு வார்ஃபரினோ ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் பூண்டு மாத்திரை சாப்பிடக் கூடாது. எச்.ஐ.வி. மருந்தான சாக்குவினவிர் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைப் பூண்டு மாத்திரை பாதியாகக் குறைத்துவிட்டதை 2001 வாக்கில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் கண்டார்கள். சாப்பாட்டில் சேர்க்கும் பூண்டுக்கு இந்தப் பயம் வேண்டியதில்லை. மருந்து என்று அளவைக் கூட்டும்போதுதான் கவனம் வேண்டும்.

மாத்திரையின் குறைகளையும் மறைக்க வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரே தடவையில் உருளைப்புழுவை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் ஒழிக்கிறது. கொக்கிப்புழுவை ஏறத்தாழ எண்பது பேரிடம். சாட்டைப்புழுவிடமோ அது பெரும்பாலும் தோல்வி. நூற்றுக்கு முப்பது பேருக்குத்தான் முழு விடுதலை. அமீபாவுக்கு அது மருந்தே அல்ல. அதற்கு வேறு மாத்திரை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கொடுப்பதில்லை. மூளையில் நாடாப்புழுக் கட்டி இருப்பவருக்கு வலிப்பு வரக்கூடும் என்பதால், அடிக்கடி வலிப்பு வருகிறவர் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மாத்திரை சாப்பிட்ட மறுவாரமே அதே மண்ணில் வெறுங்காலோடு இறங்கினால் புழு திரும்பவும் ஏறிக்கொள்ளும். பெண் உருளைப்புழு ஒன்று ஒரு நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும். கழிப்பறை இல்லாத இடத்தில் மாத்திரை ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த இடைவெளியில்தான் பூண்டுக்கு நியாயமான இடம் இருக்கக்கூடும். மாத்திரையோடு சேர்த்துப் பூண்டைக் கொடுத்தால் சாட்டைப்புழு கொஞ்சம் கூடுதலாகக் குறையுமா? ஜியார்டியா வயிற்றுப்போக்கில் மாத்திரைக்குப் பூண்டு துணை செய்யுமா? பதில் தெரிய வேண்டுமென்றால் சோதிக்க வேண்டும். சோதனைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான மண் கிடைப்பது அரிது.

காரணம் இருக்கிறது. 1968-இல், இது பழைய செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலத்தில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களைக் காக்குமா என்று உலகின் மிகப்பெரிய சோதனை திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தியது அது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டு, பாதிப்பேருக்கும் மேல் உண்மையான மருந்து, மீதிப்பேருக்கு வெறும் நீர்மம் என்று பிரித்து, பல ஆண்டு வீடுவீடாகத் தொடர்ந்து பார்த்தார்கள். 1979-இல் முடிவு வந்தபோது உலகம் திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. உலகமே நம்பிய மருந்தைப் பற்றி இந்த ஊர்களின் விவசாயிகளும் கூலிக்காரர்களும் கைநீட்டி ஊசி வாங்கிச் சொன்ன உண்மை அது. ஊசியையே இவ்வளவு கறாராகச் சோதித்த மாவட்டம் பூண்டையும் அதே தராசில் நிறுத்தலாம். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. புழுவுக்குச் சித்தர் மரபில் முதலிடம் வாய்விளங்கத்துக்கு. அதையும் பூண்டையும் அல்பெண்டசோலையும் ஒரே திட்டத்தில் வைத்து மலப் பரிசோதனையோடு பார்த்துவிடலாம். டெங்குவின்போது நிலவேம்பும் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரும் ஊரெல்லாம் விநியோகிக்க முடிந்த அரசுக்கு இது பெரிய காரியமில்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஊர் முழுவதற்கும் பெரியவர் சிறியவர் பாராமல் மாத்திரை கொடுக்கும் பழக்கம் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறைக்குப் புதிதல்ல. யானைக்கால் நோயை விரட்ட அப்படித்தான் செய்தார்கள். ஆலைகளுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 2024-இல் தொடங்கியது. அதே மேசையில் ஹீமோகுளோபினையும் பார்த்து, பூச்சி மாத்திரையும் கொடுத்தால் கூடுதல் செலவு அற்பம். 2024-இல் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. மாத்திரை அதே தொழிலாளிக்கு அரசு மருத்துவமனையில் இலவசம். பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தமிழ் தெரியாமல், வயிற்றில் பூச்சி என்று சொல்லி வரிசையில் நிற்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. மாத்திரைதான் அவரைத் தேடிப் போக வேண்டும். இந்தியிலும் ஒடியாவிலும் நாலு வரித் துண்டுத்தாளும் கூடவே போக வேண்டும். பூண்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள், செருப்பில்லாமல் சேற்றில் நிற்காதீர்கள், காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ வந்தால் உடனே வாருங்கள் என்று அதில் இருந்தால் போதும்.

சூளைகளுக்குக் காலமும் பார்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஆண்டு முடிவில் வந்து, மழைக்கு முன்னால் ஜூன் வாக்கில் ஊர் திரும்பிவிடுகின்றன. ஆகஸ்ட் மாத்திரை நாளில் அவர்கள் இங்கே இருப்பதில்லை. பிப்ரவரியில் பிள்ளைகுட்டிகளோடு சூளையில்தான் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் திருவள்ளூர் மாவட்டச் சூளைப் பகுதிகளில் ஒடியா மொழியிலேயே வகுப்புகள் நடந்தன. பாடப்புத்தகங்கள் ஒடிசாவிலிருந்து வந்தன. புத்தகம் போய்ச் சேர்ந்த அந்தச் சூளைகளுக்கு வரும் பிப்ரவரியில் சுகாதாரச் செவிலியர் போகட்டும். பிள்ளைக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் சேற்றுக்கையோடு நிற்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்தே கொடுக்கட்டும். சூளை முதலாளி கழிப்பறை கட்டியிருக்கிறாரா, கல் அறுப்பவர்களுக்கு ரப்பர் காலணி வாங்கித் தந்திருக்கிறாரா என்பதையும் அன்றே குறித்துக்கொண்டு வந்து மாவட்ட ஆட்சியர் மேசையில் வைக்கட்டும்.